இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நாள்: சைக்கிள் பந்தயத்தில் ‘ஸ்டேஜ்’ என்றால் என்ன?

2022 ஜூலை 14. பிரான்ஸின் தேசிய நாள். ஆல்ப்ஸ் மலைக்குள், கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேலே, பழைய கோட்டைச் சுவர்கள் சூழ்ந்த பிரியான்சோன் என்ற சிறிய நகரத்திலிருந்து டூர் டி பிரான்ஸ் வீரர்கள் கிளம்பினார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்து, 165 கிலோமீட்டர் தள்ளி, ஆல்ப் டுவெஸ் என்ற மலையூரில் டாம் பிட்காக் என்ற 22 வயது இங்கிலாந்து இளைஞர் தனியாக, முதலாவதாக வந்து சேர்ந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் மேடையில் மஞ்சள் சட்டை அவருக்குப் போகவில்லை. மூன்று நிமிடம் 23 நொடி கழித்து வந்த யோனாஸ் விங்கேகோர் என்ற டென்மார்க் வீரர்தான் அதைப் போட்டுக்கொண்டார்.

முதல் தடவை பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள். நானும் குழம்பியவன்தான். முதலில் வந்தவர் ஒருவர், பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் இன்னொருவர் என்றால், அன்றைக்கு ஜெயித்தது யார்? இரண்டு பேருமே. அது எப்படி என்று தெரிந்துவிட்டால் ‘ஸ்டேஜ்’ புரிந்துவிடும். ஸ்டேஜ் புரிந்தால், அதைத் தொடங்கிவைக்கும் ஊரும் முடித்துவைக்கும் ஊரும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் புரியும்.

முதலில் கணக்கு. டூர் டி பிரான்ஸ் என்பது 21 நாள் ஓட்டம். ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ். நடுவில் வழக்கமாக இரண்டு ஓய்வு நாள். 2022-இல் டென்மார்க்கில் தொடங்கியதால் பயணத்துக்கென்று இன்னொரு நாள் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு மொத்தத் தூரம் 3,300 கிலோமீட்டருக்கு மேல், கிளம்பியவர்கள் 176 பேர். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை நொடி எடுத்தார்கள் என்று குறித்துக் கூட்டிக்கொண்டே போவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. அன்றைய முடிவுக் கோட்டை முதலில் தொட்டவருக்கு அன்றைய ஸ்டேஜ் வெற்றி. ஒன்று நாள் கணக்கு, இன்னொன்று மொத்தக் கணக்கு.

அன்றைய நிலவரத்தையே எடுத்துக்கொள்வோம். முந்தைய நாள் கிரானோன் மலையில் விங்கேகோர் மற்றவர்களை உதறிவிட்டுப் போய் மஞ்சள் சட்டையைப் பிடித்திருந்தார். முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் வென்ற டாடே போகச்சார் 2 நிமிடம் 22 நொடி பின்தங்கியிருந்தார். ஆல்ப் டுவெஸ் ஏற்றத்தில் போகச்சார் இரண்டு முறை பாய்ந்து பார்த்தார். இரண்டு முறையும் விங்கேகோர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டார். கடைசியில் இருவரும் சேர்ந்தே கோட்டைக் கடந்தார்கள். ஒன்றாக வரும் குழுவுக்கு ஒரே நேரம்தான் எழுதுவார்கள். அதனால் காலையில் 2.22 என்று இருந்த வித்தியாசம் மாலையிலும் 2.22 ஆகவே இருந்தது. பிட்காக் மொத்தக் கணக்கில் வெகுதூரம் பின்னால் இருந்தவர். அவர் முன்னால் போனதை விங்கேகோர் பொருட்படுத்தவே தேவையில்லை, விட்டுவிட்டார். அவருக்கு போகச்சாரை நகரவிடாமல் பிடிப்பதுதான் அன்றைய வேலை. ஒரே சாலையில், ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனிப் பந்தயங்கள் ஓடின.

இன்னும் சில கணக்குகளும் உண்டு. கோட்டில் முதல் மூவருக்கு 10, 6, 4 நொடி என்று மொத்தத்திலிருந்து கழித்துக்கொடுப்பார்கள். வேகப் பாய்ச்சல்காரர்களுக்குப் புள்ளிகள், பச்சைச் சட்டை. மலையேற்றத்துக்கு, வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்த சட்டை. இளையவர்களில் முன்னணிக்கு வெள்ளைச் சட்டை. புதிதாகப் பார்ப்பவர்கள் இதையெல்லாம் முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டாம். மஞ்சள் போதும்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

இந்தப் பந்தயம் பிறந்ததே ஒரு பத்திரிகையை விற்பதற்காகத்தான். பாரிஸில் ‘லோத்தோ’ என்ற விளையாட்டு நாளிதழை ஆன்ரி தெகிராஞ்ச் என்பவர் நடத்திவந்தார். போட்டிப் பத்திரிகையை விஞ்ச என்ன வழி என்று யோசித்தபோது, நாடு முழுவதையும் சைக்கிளில் சுற்றவிடலாம் என்றார் அங்கே வேலை பார்த்த ஜியோ லெஃபெவ்ர். 1903-இல் முதல் பந்தயம். மொத்தம் ஆறே ஸ்டேஜ். முதல் ஸ்டேஜ் பாரிஸிலிருந்து லியோன் வரை 467 கிலோமீட்டர். இரவு முழுக்க ஓட்டினார்கள். ஊர் ஊராகப் பந்தயம் போனால் ஊர் ஊராகப் பத்திரிகை விற்கும் என்பது கணக்கு. அந்தப் பத்திரிகை அச்சானது மஞ்சள் தாளில். 1919-இல் முன்னணி வீரரை அடையாளம் காட்ட ஒரு சட்டை வேண்டுமென்றபோது மஞ்சளே வந்தது. முதல் மஞ்சள் சட்டையை யூஜேன் கிறிஸ்டோஃப் போட்டுக்கொண்டது கிரனோபிள் நகரத்தில். அந்த நகரம் இதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

அன்று பந்தயம் ஊர்களைத் தேடிப் போனது. இன்று ஊர்கள் பந்தயத்தைத் தேடி வருகின்றன. ஆண்டுதோறும் 200-க்கும் மேற்பட்ட ஊர்கள் விண்ணப்பிக்கின்றன. பந்தயத்தை நடத்தும் ஏஎஸ்ஓ நிறுவனம் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, அக்டோபர் வாக்கில் பாரிஸில் அடுத்த ஆண்டின் வழித்தடத்தை அறிவிக்கும். தேர்வான ஊர் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். தொடங்கும் ஊரைவிட முடியும் ஊருக்குக் கட்டணம் அதிகம். காரணம் எளிது. தொலைக்காட்சியில் அதிக நேரம் தெரிவது முடியும் ஊர்தான். ஊர் மக்களின் வரிப்பணத்தில் இதைக் கட்டுவது சரியா என்ற விவாதம் அங்கும் உண்டு. ஜூலை மாதத்தில் ஹோட்டல்கள் நிரம்புவது மட்டுமே பதில் ஆகிவிடாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் சாலையோர வேடிக்கைக்கு டிக்கெட்டே இல்லாத பெரிய விளையாட்டு வேறு எது இருக்கிறது?

பணம் கட்டினால் மட்டும் போதாது. தேர் வரும் வீதியை ஊரே சேர்ந்து சரிசெய்வதைப் போலத்தான் இங்கும் நடக்கும். குழி விழுந்த சாலையை மூட வேண்டும், வேகத்தடைகளைப் பெயர்க்க வேண்டும், வளைவுகளில் நிற்கும் கம்பங்களுக்கு மெத்தை கட்ட வேண்டும். முடியும் ஊரென்றால் வேலை இன்னும் கூடுதல்: ஒளிபரப்பு வண்டிகள் நிறுத்த பெரிய திடல், நூற்றுக்கணக்கான பத்திரிகையாளர்கள் உட்கார்ந்து எழுத கூடம், பந்தயத்தோடு நகரும் ஆயிரக்கணக்கானோர் படுக்க அறைகள். இதனால்தான் மலையேற்றங்களில் முடியும் ஸ்டேஜ்கள் பெரும்பாலும் பனிச்சறுக்கு ஊர்களில் முடிகின்றன. குளிர்காலத்துக்கென்று கட்டிய ஹோட்டல்களும் வண்டி நிறுத்துமிடங்களும் கோடையில் காலியாகக் கிடக்கும்.

தொடங்கும் ஊர் எப்படி இருக்கும்? காலையிலேயே சதுக்கத்தில் தடுப்பு போட்டு ஒரு சின்னக் கடைத்தெருபோல அமைத்துவிடுவார்கள். அந்த வட்டாரத்தின் பாலாடைக்கட்டி, ரொட்டி, ஒயின் எல்லாம் விருந்தினர்களுக்குப் பரிமாறப்படும். பக்கத்தில் அணிகளின் பேருந்துகள் வரிசையாக நிற்கும். வீரர்கள் ஒவ்வொரு அணியாக மேடைக்கு வந்து வருகைப் பதிவில் கையெழுத்திட்டுப் போவார்கள். சாதாரண மக்கள் வீரர்களை மிக அருகில் பார்க்க முடிவது இந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான்.

அப்புறம் எல்லோரும் சேர்ந்து கிளம்புவார்கள். இங்கே ஒரு நுணுக்கம். ஊர்த் தெருக்களில் அவர்கள் ஓட்டிப் போகும்போது பந்தயம் தொடங்கிவிட்டதாகத் தோன்றும், தொடங்கியிருக்காது. இயக்குநரின் சிவப்புக் காருக்குப் பின்னால் மெதுவாக, கூட்டத்துக்குக் கையசைத்தபடி போவார்கள். அந்தக் காரை யாரும் முந்தக் கூடாது. ஊரைத் தாண்டி, அகலமான சாலையில், ‘பூஜ்ய கிலோமீட்டர்’ என்று குறித்த இடம் வந்ததும் காரின் கூரைத் திறப்பில் எழுந்து நிற்கும் இயக்குநர் வெள்ளைக் கொடியை அசைப்பார். உண்மையான தொடக்கம் அது. ஊருக்குள்ளே நடந்தது ஊருக்காக நடந்த பவனி.

வீரர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அதே சாலையில் விளம்பர ஊர்வலம் ஒன்று போய்விடும். பெரிய கோழி, பெரிய பிஸ்கட் பொட்டலம் என்று வேடமிட்ட வண்டிகள் தொப்பி, மிட்டாய், சாவிக்கொத்து என்று எறிந்துகொண்டே போகும். 1930-இல் தொடங்கிய வழக்கம். அந்த ஆண்டு சைக்கிள் கம்பெனி அணிகளை நிறுத்திவிட்டு நாட்டு அணிகளாக மாற்றினார் தெகிராஞ்ச். கம்பெனிப் பணம் நின்றதால் செலவுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. வழியில் உள்ள கிராமங்களில், வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருக்கும் குழந்தைகளுக்குப் பந்தயம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இந்த ஊர்வலமாகத்தான் இருக்கும். வீரர்கள் கடந்துபோவது, சமதரையென்றால், அரை நிமிடம்.

அந்த அரை நிமிடக் கூட்டத்துக்கு பெலோட்டான் என்று பெயர். ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள்? காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். பின்னால் ஒட்டி வருபவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் அதிகம். ஆகவே சமதரையில் தனியாக ஓடிப்போன நாலைந்து பேரைப் பெரிய கூட்டம் நினைத்த நேரத்தில் துரத்திப் பிடித்துவிடும். இந்தக் காற்றுக் கணக்கை மாற்றுவது நிலம். நிலத்தைத் தீர்மானிப்பது எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பது.

பிரியான்சோனிலிருந்து ஆல்ப் டுவெஸுக்கு மலைச்சாலையைத் தவிர வேறு வழியே கிடையாது என்று சொல்லிவிடலாம். அன்றைய வழி முதலில் 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே கணவாயில் ஏறியது. உச்சிக்குச் சற்றுக் கீழே, தெகிராஞ்சுக்கு ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. அவருக்கு மிகவும் பிடித்த ஏற்றம் அது. பிறகு ஆழமான பள்ளத்தாக்குக்குள் இறக்கம். அடுத்து 29 கிலோமீட்டர் நீளும் குருவா டி ஃபேர் ஏற்றம், 2,067 மீட்டர். மறுபடி இறக்கம். கடைசியில் ஆல்ப் டுவெஸ். மலையேற்றங்களைக் கடினத்துக்கேற்ப நான்கிலிருந்து ஒன்று வரை வகைபிரிப்பார்கள். அந்த வகைகளுக்கெல்லாம் மேலே ‘வகைக்கு அப்பாற்பட்டது’ என்று ஒன்று இருக்கிறது. அன்றைய மூன்றும் அந்த வகை.

பிட்காக் பந்தயத்தை வென்றது ஏற்றத்தில் என்று புள்ளிவிவரம் சொல்லும். நான் சொல்வேன், கலிபியே இறக்கத்தில். டோக்கியோ ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பிரிவில் தங்கம் வென்றவர் அவர். பெலோட்டானை விட்டு இறக்கத்தில் பாய்ந்து, நூறு கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் ஒவ்வொரு வளைவிலும் மற்றவர்களைத் தாண்டி முன்னால் போன குழுவைப் பிடித்தார். நான்கு முறை பட்டம் வென்ற கிறிஸ் ஃபுரூம் போன்றவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். கடைசி ஏற்றத்தில் பிட்காக் அவர்களை விட்டுவிட்டுத் தனியே போனார். தென்னாப்பிரிக்காவின் லூயிஸ் மெய்ன்ட்ஜெஸ் 48 நொடி பின்னால் இரண்டாவது, ஃபுரூம் மூன்றாவது. பின்னால், நாம் முதலில் பார்த்த மஞ்சள் சட்டைச் சண்டை. அதற்கும் வெகு பின்னால், மலையேறத் தெரியாத பருத்த உடல் பாய்ச்சல்காரர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் வேகத்தைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். வென்றவரின் நேரத்திலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் தாமதித்தால் மறுநாள் ஓட்ட முடியாது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்களுக்கு அதுவே பந்தயம்.

இப்போது ஆல்ப் டுவெஸ். நிரந்தரமாக வசிப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஊர். 1952-இல் அங்கே ஹோட்டல் நடத்திய ஜார்ஜ் ராஜோன் போன்ற உள்ளூர்க்காரர்கள் முயற்சி எடுத்துப் பந்தயத்தை மேலே வரவழைத்தார்கள். அதற்கு முன் டூர் டி பிரான்ஸ் மலைகளைக் கடந்துபோகுமே தவிர, மலை உச்சியில் முடிந்ததில்லை. இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி வென்றார். பிறகு 24 ஆண்டு பந்தயம் அந்தப் பக்கமே வரவில்லை. 1976-இல் திரும்பி வந்ததிலிருந்துதான் இந்த ஊர் கோயில் மாதிரி ஆனது.

சாலையைப் பார்த்தால் காரணம் தெரியும். அடிவாரத்தில் பூர் துவாசான் என்ற ஊர். அதைத் தாண்டியதும் சாலை சட்டென்று மேலே திரும்பும். 13.8 கிலோமீட்டர், சராசரியாக 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏற்றம். மொத்தம் 21 கொண்டை ஊசி வளைவுகள். கீழே 21 என்று தொடங்கி மேலே போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை. அதில் அங்கே வென்றவர்களில் ஒருவரின் பெயர். வென்றவர்கள் 21 பேரைத் தாண்டியதும் மறுபடி கீழிருந்து தொடங்கி, ஒரே பலகையில் இரண்டாவது பெயரையும் எழுதினார்கள். ஏழாவது வளைவில் ஒரு சின்ன தேவாலயம் இருக்கிறது. பந்தய நாளில் அந்த இடம் முழுக்க ஆரஞ்சு நிறம்தான். 1976 முதல் 1989 வரை நெதர்லாந்து வீரர்கள் இங்கே எட்டு முறை வென்றார்கள். அதிலிருந்து, மலையே இல்லாத அந்த நாட்டின் ரசிகர்கள் நாட்கணக்கில் முன்னதாகவே வந்து இந்த வளைவில் கூடாரம் அடித்துவிடுகிறார்கள். வேகம் குறைந்த ஏற்றம் என்பதால் இங்கே வீரரின் முகத்தை, வியர்வையை, மூச்சு வாங்குவதை ஒரு கை தூரத்தில் பார்க்கலாம். காற்றின் மறைப்பும் இந்த வேகத்தில் பெரிதாக உதவாது. யாருக்கு எவ்வளவு தெம்பு என்று மலை அப்பட்டமாகக் காட்டிவிடும்.

பிரியான்சோன், ஆல்ப் டுவெஸ் என்ற இந்த ஜோடியை 2022-இல் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. 1986-இல் இதே வழியில் நடந்த ஸ்டேஜில், ஒரே அணிக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்த பெர்னார் இனோவும் கிரெக் லெமாண்டும் கைகோத்தபடி கோட்டைக் கடந்தார்கள். இனோவின் சக்கரம் கொஞ்சம் முன்னால். அந்தப் படத்தைப் பார்க்காத சைக்கிள் ரசிகர் இருக்க மாட்டார். ரசிகர்கள் ஒரு ஸ்டேஜை எண்ணால் நினைவு வைத்திருப்பதில்லை. ஊர்ப் பெயராலும் ஆண்டாலும்தான் சொல்வார்கள்.

எல்லா ஸ்டேஜும் இப்படி இருக்காது. பொர்தோ சமவெளி நகரம். அங்கே முடிந்தால் பெரும்பாலும் கூட்டப் பாய்ச்சல்தான். கடைசி ஒரு கிலோமீட்டரில் சாலைக்குக் குறுக்கே சிவப்பு முக்கோணத் துணி தொங்கும். அதன்பின் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அப்படிப்பட்ட நாட்களில், கடைசி கிலோமீட்டர்களில் யாராவது விழுந்தால் அவர் இருந்த குழுவின் நேரத்தையே கொடுத்துவிடுவார்கள். பிரனீஸ் மலைக்கு வாசல்போல நிற்கும் போ நகரம் 70 தடவைக்கு மேல் பந்தயத்தை வரவேற்றிருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்து முடிக்கவும் அது தோது, மறுநாள் மலைக்குக் கிளம்பவும் தோது. சில நாட்கள் தனித்தனியாக ஒருவர்பின் ஒருவராக அனுப்பிக் கடிகாரத்தோடு ஓடவிடுவார்கள். 2022-இன் முதல் ஸ்டேஜே கோபன்ஹேகன் தெருக்களில், மழையில், அப்படித்தான் நடந்தது.

புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். தொலைக்காட்சியைப் போடுமுன் அன்றைய உயர வரைபடத்தைத் தேடி எடுங்கள். இடது ஓரத்தில் ஒரு ஊர், வலது ஓரத்தில் ஒரு ஊர், நடுவில் பல்லைப்போலச் செங்குத்துக் கோடுகள். கடைசிப் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோட்டிலேயே முடிந்தால் மலைவீரர்கள் நாள். முப்பது கிலோமீட்டர் முன்னதாக இறங்கிவிட்டால் துரத்திப் பிடிக்க வாய்ப்பு உண்டு. பல்லே இல்லையென்றால் பிரான்ஸ் நேரப்படி மாலை ஐந்து மணிக்கு மேல் பார்த்தாலும் போதும்.

நாள் கணக்கும் மொத்தக் கணக்கும் ஒரே மலையில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு, 2024 ஆகஸ்ட் 18-ஐப் பார்க்க வேண்டும். பெண்களுக்கான டூர் டி பிரான்ஸின் கடைசி ஸ்டேஜ். லெ கிரான் போர்னானில் தொடக்கம், ஆல்ப் டுவெஸில் முடிவு. நெதர்லாந்தின் டெமி ஃபோலரிங் காலையில் 1 நிமிடம் 15 நொடி பின்தங்கியிருந்தார். மஞ்சள் சட்டை போலந்தின் காசியா நியேவியாதோமாவிடம். ஃபோலரிங் வெகு முன்னாலேயே தாக்கி, அதே 21 வளைவுகளில் ஏறி, ஸ்டேஜை வென்றார். முதலாவதாக வந்ததற்குப் பத்து நொடி கழிவும் கிடைத்தது. பிறகு எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தபடி கீழே நோக்கிக் காத்திருந்தார்கள். நியேவியாதோமா நான்காவதாக, 1 நிமிடம் 1 நொடி கழித்துக் கோட்டைக் கடந்து அப்படியே தரையில் விழுந்து கிடந்தார். 75-இலிருந்து 61-ஐயும் 10-ஐயும் கழியுங்கள். எட்டு ஸ்டேஜ் ஓட்டத்தின் முடிவில், நான்கு நொடி வித்தியாசத்தில் மஞ்சள் சட்டை அவரிடமே தங்கியது.